புக்கிட் தீமாவில் உச்சியைவிட அடிவாரம் பெரியது

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து மூன்று வாரம் ஆகிறது. மரினா பே, செந்தோசா, தேக்கா எல்லாம் காட்டி முடித்தாயிற்று. அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்கும், பையனுக்குக் காடு மேடு ஏறப் பிடிக்கும், அம்மாவுக்கு முழங்கால் வலி. சிங்கப்பூரிலும் ஒரு மலை இருக்கிறதாமே, புக்கிட் தீமா, அங்கே ஒரு நாள் கழிக்க விஷயம் உண்டா, ஏறித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விஷயம் உண்டு. ஒரு நாள் போதாது. ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சொல்லப்போனால் அந்த மலையில் ஏறுவதற்கு இருப்பதைவிட அடிவாரத்தில் சுற்றிப் பார்க்க இருப்பதுதான் அதிகம். இருபது வருஷத்துக்கு மேல் புக்கிட் பாஞ்சாங்கில் குடியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நடை அந்தப் பக்கம்தான், அந்தத் தைரியத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உயரம். 163.63 மீட்டர். தீவின் இயற்கையான மேடுகளில் இதுதான் உயர்ந்தது. திருச்சி உச்சிப் பிள்ளையார் இருக்கும் பாறை 83 மீட்டர் என்பார்கள். அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அவ்வளவுதான். தஞ்சோங் பகாரில் நிற்கும் குவோக்கோ டவர் 290 மீட்டர், அதன் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் மேலே வரும். ஆகவே ஊரில் கொடைக்கானல், ஏற்காடு பார்த்தவரிடம் “மலைக்குப் போகலாம்” என்று பெரிதாகச் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். என் மாமனாரிடம் அப்படிச் சொன்னதற்கு, உச்சியில் நின்றுகொண்டு அவர் “சரி, மலை எங்கே இருக்கு?” என்று கேட்டார். உச்சியில் உயரம் எழுதிய ஒரு பாறை இருக்கிறது, அதன் பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். சுற்றிலும் மரம். ஊரைப் பார்க்கலாம் என்று வந்தால் ஏமாற்றம்தான்.

பெயருக்கும் மலைக்கும்கூடப் பொருத்தமில்லை. மலாயில் ‘புக்கிட்’ என்றால் குன்று, ‘தீமா’ என்றால் வெள்ளீயம். ஆனால் இந்தக் குன்று முழுக்கக் கருங்கல். அந்தக் கருங்கல்லை வெட்டி வெட்டித்தான் ஊருக்குச் சாலையும் கட்டடமும் வந்தன. வெட்டிய குழிகளில் தண்ணீர் நிறைந்து இன்று குளங்களாகக் கிடக்கின்றன. அந்தக் குளங்கள்தாம் இப்போது வேடிக்கை பார்க்கும் இடங்கள்.

அப்படியானால் இந்த வட்டாரத்துக்கு என்ன விசேஷம்? அது ஒரு வாசல். தெற்கே நகரம், வடக்கே ஜொகூர், நடுவில் இந்தக் குன்று. இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள் போட்ட சாலை 1845 வாக்கில் குன்றின் அடிவாரத்தைத் தாண்டிக் கிராஞ்சி வரை போனது. அந்தக் கைதிகளில் மெட்ராஸ் மாகாணத்து ஆட்களும் இருந்தார்கள். நீங்கள் பேருந்தில் போகும் புக்கிட் தீமா சாலையின் ஆரம்பம் அதுதான். அதற்குப் பிறகு ரயில் பாதை இந்த வழியாக வந்தது. 1942-இல் ஜப்பான் படையும் இந்த வழியாகத்தான் நகரத்துக்குள் இறங்கியது. அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால் இந்த மூன்றையும் ஒரே நாள் நடையில் காட்டிவிடலாம்.

ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். எம்ஆர்டி (நகர ரயில்) டௌன்டவுன் பாதையில் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம், 1932-இல் கட்டியது. செங்கல் சுவர், சரிந்த கூரை, சின்னப் பிளாட்பாரம், பெயர்ப் பலகை. நம் ஊர்ப் பக்கம் பாசஞ்சர் வண்டி மட்டும் நிற்கும் ஸ்டேஷனைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். உங்கள் அம்மா இதைப் பார்த்ததும் ஏதோ ஒரு ஊர்ப் பெயர் சொல்வார்கள் பாருங்கள். என் மனைவி “பேரளம்” என்றாள்.

இங்கே கடைசிக் காலத்தில் பயணிகள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆனாலும் வண்டிகள் வேகம் குறைக்கும். காரணம், ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிப் போக இங்கே மட்டும் இரட்டைத் தண்டவாளம். அடுத்த நிலையம் வரை உள்ள பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பதற்கு அடையாளமாக ஒரு சாவி. அந்தச் சாவி கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை அடுத்த பகுதிக்குள் விடக்கூடாது. சாவியை ஒரு தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, நிலைய ஊழியர் பிளாட்பாரத்து ஓரத்தில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். எஞ்சினிலிருந்து ஒருவர் உடம்பை வெளியே சாய்த்துத் தன் கையிலுள்ள பழைய வளையத்தை வீசிவிட்டு, இவர் கையிலுள்ளதைக் கைமூட்டுக்குள் மாட்டிக்கொண்டு போவார். வண்டி நிற்காது. 2011-இல் பாதையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் கூட்டத்தோடு கூட்டமாய்ப் போய் நின்று இதைப் பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி ஒருவர் கைதட்டினார்.

2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். அதன் பிறகு தண்டவாளத்தின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நிலத்தை நடைபாதையாக விட்டிருக்கிறார்கள். ‘ரயில் காரிடார்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். நிலையத்தைச் சீரமைத்து 2022 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். ஊழியர் குடியிருப்பாக இருந்த வீட்டில் இப்போது காபிக் கடை. காபி விலையைப் பார்த்தால் அந்தக் கால ஸ்டேஷன் மாஸ்டர் மயங்கி விழுந்திருப்பார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரராக இருந்திருக்கலாம். மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா வேலைகளில் இலங்கைத் தமிழர் நிறையப் பேர். கட்டை மாற்றுவது, சல்லி கொட்டுவது, பாதையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். குவீன்ஸ்டவுன் பக்கம் காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் தெரியுமல்லவா? அது ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்து ஓரத்தில் வைத்துக் கும்பிட்ட சின்னச் சாமியிலிருந்து வளர்ந்ததுதான். அப்பாவிடம் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், நடை சுவாரசியமாக இருக்கும்.

நிலையத்திலிருந்து வடக்கே நடந்தால் உடனே ஓர் இரும்புப் பாலம், கீழே சாலையும் கால்வாயும். பாலத்தைத் தாண்டியதும் சத்தம் குறைந்துவிடும். இடது பக்கம் வீடுகள், வலது பக்கம் மரம் அடர்ந்து வரும். தரை மட்டமானது, ரயில் ஏறிப் போக வேண்டிய பாதை என்பதால் செங்குத்தான இடமே கிடையாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல நடை இந்தத் தீவில் இல்லை என்பேன். மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் அடுத்த இரும்புப் பாலம் வந்துவிடும், அது அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே. இரண்டு பாலத்திலும் தண்டவாளத்தைக் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் போனால் செருப்புச் சேறாகும், ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு பாலத்துக்கும் நடுவில்தான் மலைக்குப் போகும் வழி பிரிகிறது. பையன் ஏறட்டும். ஹிண்ட்ஹீட் டிரைவில் பார்வையாளர் நிலையம், அங்கிருந்து உச்சி வரை தார் போட்ட சாலை. காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுவார்கள். ஆரம்பமே செங்குத்து, மூச்சு வாங்கும். அதைத் தாண்டிவிட்டால் பரவாயில்லை. அரை மணி முதல் முக்கால் மணி நேரம். இறங்கும்போது தார்ச் சாலையை விட்டுவிட்டுக் காட்டுப் பாதையில் இறங்கச் சொல்லுங்கள். அந்த 163 ஹெக்டர் காட்டில் ஒரு பகுதி வெட்டுப்படாத ஆதிக் காடு. 1883-இலேயே பாதுகாத்தது. அதற்கு முன்பு மிளகு, காம்பிர் (தோல் பதனிட உதவும் செடி) தோட்டம் போடுகிறோம் என்று தீவின் காட்டை ஒரு பக்கமாக அழித்துக்கொண்டே வந்தார்கள். அப்போது பூமலையின் (தாவரவியல் பூங்காவின்) கண்காணிப்பாளராக இருந்த நத்தானியல் கான்ட்லி என்பவர், இப்படியே போனால் மரமே மிஞ்சாது என்று அறிக்கை எழுதினார். தப்பித்த துண்டுகளில் இது ஒன்று.

இந்தக் காட்டு ஓடையில் ஒரு நண்டு இருக்கிறது. ஜோஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்று பெயர். 1986-இல்தான் அது தனி இனம் என்று விவரித்தார்கள். உலகத்திலேயே இந்தத் தீவில் மட்டும், அதுவும் இந்த மாதிரி இரண்டு மூன்று இடங்களில் மட்டும் உயிர் வாழ்கிறது. இரவில்தான் வெளியே வரும், நீங்கள் பார்க்கப் போவதில்லை. ஆனால் பையனிடம் சொல்லிவையுங்கள், ஓடையைத் தாண்டும்போது கல்லைப் புரட்டாமல் இருப்பான்.

குரங்கு பார்ப்பீர்கள், அதற்கு உத்தரவாதம். பிளாஸ்டிக் பை கையில் இருந்தால் அதில் சாப்பாடு இருக்கிறது என்று அதற்குத் தெரியும். எனக்கு நேர்ந்தது: மசால் வடை ஆறு, தேக்காவிலிருந்து வாங்கி வந்தது. பார்வையாளர் நிலையத்துக்கு முன்னால் பையைக் கீழே வைத்துவிட்டு ஷூ கயிற்றைக் கட்டினேன். நிமிர்ந்தபோது பை மரத்தின் மேல் இருந்தது. ஒரு குட்டி கூடச் சேர்ந்து சாவகாசமாக வடையைப் பிட்டுத் தின்றது, பச்சை மிளகாயை மட்டும் எடுத்துக் கீழே போட்டது. சாப்பாடு முதுகுப் பைக்குள் இருக்கட்டும். நீங்களாகக் கொடுக்கவும் கூடாது. வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. பிள்ளையார் கோயில் குரங்குக்குப் பழம் கொடுத்துப் பழகிய பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பையன் மேலே போய் வருவதற்குள் நீங்கள் அப்பா அம்மாவை ஹிண்ட்ஹீட் பூங்காவுக்குள் கூட்டிப் போகலாம். பார்வையாளர் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சின்ன நடை, முடிவில் பழைய கல்குவாரி. எதிரே செங்குத்தான பாறைச் சுவர், கீழே பச்சைத் தண்ணீர். மேலே கழுகு வட்டமிட்டால் அதிர்ஷ்டம். உச்சியில் கிடைக்காத ‘மலை’ உணர்வு இங்கே கிடைக்கும் என்பதுதான் வேடிக்கை. மலையை வெட்டிய பிறகுதான் மலை மாதிரித் தெரிகிறது.

இன்னொரு நாள் கிடைத்தால் குன்றின் வடக்குப் பக்கம், டேரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா. பெயருக்கு ஏற்றபடி அங்கே ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணை இருந்தது. கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் நடத்தியது. அந்த மாட்டுக் கொட்டகைதான் இப்போது வாலஸ் கல்வி நிலையம். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற இங்கிலாந்துக்காரர், உயிரினங்கள் எப்படிப் பரிணமிக்கின்றன என்பதில் டார்வின் எட்டிய அதே முடிவுக்குத் தனியாகவே எட்டியவர், 1854-இல் சிங்கப்பூர் வந்து இறங்கினார். இந்த அடிவாரத்தில் செயின்ட் ஜோசப் தேவாலயத்துப் பாதிரியாரோடு தங்கினார். அந்தத் தேவாலயம் 1846-இல் தொடங்கியது, அப்பர் புக்கிட் தீமா சாலையில் இன்றும் இருக்கிறது, கட்டடம்தான் புதிது.

வாலஸ் இரண்டு மாதத்தில் பிடித்த வண்டு வகைகள் மட்டும் ஏறக்குறைய 700. எல்லாம் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத இடத்தில். எப்படி முடிந்தது? சீனர்கள் மரம் வெட்டிப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த மரம், காய்ந்த இலை, பட்டை, மரத்தூள், இதுதான் வண்டுக்கு விருந்து. காடு அழிந்துகொண்டிருந்த இடத்தில்தான் அவருக்கு அறுவடை. புலிக்குழிகளைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார்: பதினைந்து இருபது அடி ஆழம், மேலே குச்சியும் இலையும் போட்டு மறைத்திருப்பார்கள், அடிப்பக்கம் அகலமாக இருப்பதால் விழுந்தால் ஏற முடியாது. முன்பெல்லாம் அடியில் கூர்மையான கழு ஒன்றும் நட்டிருந்தார்களாம். வழிப்போக்கர் ஒருவர் விழுந்து செத்த பிறகு கழுவைத் தடை செய்துவிட்டார்கள். வண்டு பிடிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிற மனுஷனுக்கு இது எப்படி இருந்திருக்கும்! புலி அடித்துப் பலபேர் செத்த காலம் அது. கடைசிப் புலி 1930-இல் சுட்டுக் கொல்லப்பட்டது. இப்போது அந்தப் பாதையில் இருக்கும் ஒரே ஆபத்து சைக்கிள்காரர்கள்தான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மதியம் பியூட்டி வேர்ல்ட் போங்கள். ஹிண்ட்ஹீட் டிரைவிலிருந்து நடக்கலாம். பியூட்டி வேர்ல்ட் சென்டரின் நாலாவது மாடியில் உணவங்காடி இருக்கிறது, எதிர்ப்பக்கச் சந்துகளில் பரோட்டாவும் தே தாரேக்கும் (இழுத்து ஆற்றிய டீ) கிடைக்கும். இந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் இங்கே சூதாட்டமும் கேளிக்கையுமாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்தார்கள். போருக்குப் பிறகு அது பியூட்டி வேர்ல்ட் சந்தையாக மாறி, தீ விபத்துகளையும் பார்த்து, 1984-இல் இப்போதுள்ள கட்டடம் வந்தது. கட்டடத்தில் பியூட்டி எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்குப் போங்கள், போதும்.

மதியத்துக்கு மேல் பழைய ஃபோர்ட் தொழிற்சாலை. உங்கள் அப்பாவுக்காக நான் ஓர் இடம் மட்டும் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். 2025 பிப்ரவரியில் ஹியூம் எம்ஆர்டி நிலையம் திறந்த பிறகு போவது சுலபமாகிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் வெயிலில் நடந்து வந்து சேர்வதற்குள் போரில் பாதி நாமே போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

1941-இல் கார் பொருத்துவதற்காகக் கட்டிய தொழிற்சாலை, தென்கிழக்கு ஆசியாவில் ஃபோர்டுக்கு அதுதான் முதல் ஆலை. திறந்த சில மாதத்தில் போர் வந்துவிட்டது. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பான் படை வடமேற்குக் கரையில் இறங்கியது. பிப்ரவரி 11 அவர்களுக்குப் பெரிய நாள், தங்கள் பேரரசு தோன்றிய தினம் என்று கொண்டாடுவார்கள். அன்றைக்குச் சிங்கப்பூரைப் பிடித்துவிட வேண்டும் என்பது ஜெனரல் யமஷித்தாவின் எண்ணம். நகரம் கிடைக்கவில்லை, புக்கிட் தீமா கிடைத்தது. ஆனால் அதுவே போதுமாக இருந்தது. பிரிட்டிஷ் படையின் உணவுக் கிடங்கும் எரிபொருள் கிடங்கும் இந்தப் பக்கம்தான் இருந்தன. இங்கே தடுத்து நின்றவர்களில் இந்தியப் படைப்பிரிவுகளும் உண்டு, சீனத் தொண்டர் படையும் உண்டு. உள்ளூர் ஆட்களுக்கு ஆயுதமும் குறைவு, பயிற்சியும் குறைவு.

பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு முதல் நாள். மாலையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைவதற்காக மூன்று அதிகாரிகளோடு இந்த மேட்டில் நடந்து வந்தார். அரைக்கால் சட்டை, தலையில் இரும்புத் தொப்பி. கூட வந்தவர்கள் கையில் ஒரு வெள்ளைக் கொடி, ஒரு யூனியன் ஜாக் (பிரிட்டிஷ் கொடி). அந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். படத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து அந்தச் சரிவைப் பாருங்கள், அவர்கள் நடந்து ஏறிய வழி அதுதான். உள்ளே கூட்ட அறையில் பேச்சு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஆறு மணி தாண்டிக் கையெழுத்து. யமஷித்தாவிடம் அப்போது இருந்தது 30,000 பேர், எதிரில் இருந்தது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். குண்டும் தீர்ந்துகொண்டிருந்தது. அது தெரிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டேதான் மேஜையைத் தட்டாத குறையாக “ஆமாவா, இல்லையா?” என்று விரட்டியிருக்கிறார். சீட்டாட்டத்தில் கையில் ஒன்றுமில்லாமல் ஜோக்கர் இருப்பதுபோல் நடிப்பவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கதைதான்.

அந்த அறை அப்படியே இருக்கிறது. மேஜை அசல் அல்ல, அசல் ஆஸ்திரேலியாவில் கான்பெராப் போர் நினைவகத்தில் இருக்கிறது. அறை எதிர்பார்ப்பதைவிடச் சின்னது. ஒரு பேரரசின் கௌரவம் இவ்வளவு சின்ன அறையிலா போயிற்று என்று தோன்றும். மற்ற பகுதிகளில் ஜப்பான்காரன் காலத்து ரேஷன், மரவள்ளிக்கிழங்கு, வாழைமரத்துப் படம் போட்ட நோட்டு, மக்கள் சொன்ன அனுபவங்கள். வீட்டில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் யாராவது பேசிக் கேட்டிருந்தால் ‘வாழைமர நோட்டு’ என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கும். போர் முடிந்ததும் ஒரே நாளில் அது வெறும் காகிதமானது.

நம் ஆட்களுக்கு ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்றரை வருஷம் வேறு விதமாகவும் நினைவிருக்கிறது. ஒரு பக்கம் இந்திய தேசிய ராணுவம், நேதாஜி. இன்னொரு பக்கம் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் இதற்கும் தம்பி அதற்கும் போன கதைகள் உண்டு. இந்தக் கண்காட்சியைத் திருத்தி 2017-இல் மறுபடி திறந்தபோது ‘சியோனான் கேலரி’ என்று பெயர் வைத்தார்கள். சியோனான் என்பது ஜப்பான்காரன் சிங்கப்பூருக்கு வைத்த பெயர். மக்கள் கொதித்துப் போய், இரண்டே நாளில் பெயரை எடுத்தார்கள். எழுபத்தைந்து வருஷம் கழித்தும் ஒரு சொல் சுட்டது. இங்கே குறைந்தது ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனம் உண்டு, அம்மா உட்காரவும் இடம் உண்டு.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பக்கத்திலேயே லோரோங் செசுவாய் என்று ஒரு சாலை மேலே ஏறுகிறது. அப்பாவும் நீங்களும் மட்டும் போனால் போதும். போர்க்கைதிகளான ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் சிப்பாய்களை வைத்து ஜப்பானியர் போட்ட சாலை அது. குன்றின் மேல் தங்கள் தரப்பில் இறந்தவர்களுக்கு மரத்தாலான ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள், 12 மீட்டர் உயரம். கட்டியவர்களும் கைதிகள்தான். தங்கள் ஆட்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கைதிகள் கேட்டார்கள், அனுமதியும் கிடைத்தது. தூணுக்குப் பின்னால் மரச்சிலுவை ஒன்று நின்றது. 1945-இல் தோற்றதும் ஜப்பானியரே தங்கள் தூணை அழித்துவிட்டார்கள்.

இப்போது அங்கே மிச்சமிருப்பது கீழே இரண்டு தூண்கள், அப்புறம் 120 படிகள். படிகள் அகலமானவை, நேர்த்தியானவை, ஓரத்தில் பாசி. ஒரு பெரிய கோயிலுக்கு ஏறுகிற மாதிரியே இருக்கும். ஏறிப் போனால் மேலே கோயிலும் இல்லை, தூணும் இல்லை, சிலுவையும் இல்லை. கம்பி வேலி, உள்ளே ஒலிபரப்புக் கோபுரம், ‘அனுமதி இல்லை’ என்ற பலகை. முதல் தடவை போனபோது இவ்வளவு படி ஏறி இதற்கா என்று எரிச்சல் வந்தது. பிறகு அந்த வேலிக்கு முன்னால் உள்ள கடைசிப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கைதிகள் செதுக்கி வைத்த படி, ஒரு கல்கூட நகரவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் இங்கே அழைத்துப் போகிறேன். பாதிப் பேர் என்னைத் திட்டுகிறார்கள்.

லிட்டில் குய்லின் பற்றியும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். புக்கிட் கொம்பாக் எம்ஆர்டி பக்கத்தில், அதுவும் பழைய கல்குவாரிதான், தண்ணீர் நடுவே பாறை நிற்கும், படம் எடுக்க அழகு. அரை மணிக்கு மேல் அங்கே வேலை இல்லை. கையில் நேரமிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் நஷ்டமில்லை.

அதைவிட மாலையில் அப்பர் புக்கிட் தீமா சாலையில் இன்னும் வடக்கே இருக்கும் முருகன் திருக்குன்றம் கோயிலுக்குப் போவது அம்மாவுக்குப் பிடிக்கும். குன்று இருக்கும் இடத்தில் குமரன் இல்லாமல் நம் ஆட்களுக்கு ஆகாதே. நகரத்துக் கோயில்களின் நெரிசல் இங்கே கிடையாது.

நேரம் பற்றி ஒன்று. இங்கே மழை மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் கொட்டும், இடியும் சேர்ந்து வரும். அதனால் நடையும் மலையும் காலையில், காட்சிக்கூடம் மதியத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் தொழிற்சாலை திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்றைக்குப் போய்க் கதவைப் பார்த்துத் திரும்பாதீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, ஒரு குடை.

திரும்பும்போது எம்ஆர்டி வேண்டாம், பேருந்தில் வாருங்கள். 170-ஆம் எண் வண்டி அந்தக் கைதிகள் போட்ட சாலையை ஒட்டியே குவீன் ஸ்டிரீட் வரை போகும். தேக்காப் பக்கம் இறங்கிக்கொள்ளலாம். சாலையின் எந்தப் பக்கம் நின்று ஏறுகிறீர்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் ஏறினால் அதே 170 உங்களை ஜொகூர் பாருவில் கொண்டுபோய் விடும், அப்பா அம்மாவின் பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருக்கும்.